வற்றல் இல்லை, செய்தி இருக்கிறது

மச்சான்,

ஏழு மாதமாய் நான் பதில் எழுதவில்லை என்று நீ அக்காவிடம் முறைப்பாடு வைத்திருக்கிறாய். சரி, குற்றம் என்னுடையதுதான். நீ மூன்று தரம் குரல் பதிந்து அனுப்பினாய், மூன்றையும் கேட்டேன், மூன்றிலும் மரை இறைச்சி வற்றல்தான் கேட்டிருந்தாய். அடேய், சரணாலயத்துக் காவல்காரனிடம் மரை வற்றல் கேட்கிறவன் உலகத்தில் நீ ஒருவன்தான். பொதியின் மேல் கருவாடு என்று எழுதிவிடலாம் என்று யோசனை வேறு! இருக்கிற ஒரு வேலையும் போகட்டும் என்கிறாயா?

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் கொஞ்சம் மோசம். உன் சைக்கிள் பத்திரமாய் இருக்கிறது, செயின்தான் இல்லை.

எழுதாததற்குக் காரணம் சோலி அல்ல. தையில் ஒரு யானை செத்தது. நாங்கள் கிழிகாதன் என்று கூப்பிடுகிற ஒற்றை அலியன், தனியாய்த் திரிகிற ஆண் யானை. பொங்கல் முடிந்து நாலாம் நாள் விடியப் போனேன். வரம்பில் சரிந்து கிடந்தது, வயிற்றில் அப்பியிருந்த சேறு காயக்கூட இல்லை, தும்பிக்கை நுனி ஒரு பிடி நெற்கதிரை இறுக்கிப் பிடித்தபடி இருந்தது. பக்கத்தில், வீட்டு மீற்றரிலிருந்து நேரே இழுத்த கம்பி. 230 வோல்ட். இழுத்தது யார் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் யாருடைய முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்று தேவாரம் பாடாமல் தப்பினோமோ, அவன்தான்.

அறிக்கையை நான்தான் எழுதினேன். எழுதாமல் விட ஏலாது. நாளைக்கு அதே கம்பியில் அவனுடைய பிள்ளையே கால் வைத்திருக்கும். இப்போது பிணையில் நிற்கிறான், வழக்கு நடக்கிறது. அவனுடைய மனுசி சந்தையில் என்னைக் கண்டால் கூடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு போகிறாள். இதை உனக்கு எந்த வாயால் சொல்வது என்று தெரியாமல்தான் தள்ளித் தள்ளிப் போட்டேன்.

ஊரும் என்னோடு கதைக்காமல் விட்டது. அதையும் முழுப் பிழை என்று சொல்லமாட்டேன். போர் முடிந்து 2010இல் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வயலெல்லாம் பற்றையாய்க் கிடந்ததை நீயும் படத்தில் பார்த்தாய்தானே. யானை அதைத் தன் காடு என்று நினைத்துக்கொண்டது. போதாததற்குப் பல இடங்களில் அரசாங்கம் நட்ட எல்லைக்கல் வேறு. 1938இலிருந்து சரணாலயமாய் இருந்த சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவானது, அதிலிருந்து இங்கே காக்கிச் சட்டை தெரிந்தாலே காணி பறிக்க வந்துவிட்டான் என்றுதான் பேச்சு. சரணாலயத்துக்குள் சொந்தக் காணியும் இருக்கலாம், பூங்காவின் சட்டம் வேறு என்று எத்தனை தரம் விளக்கியிருப்பேன்! கேட்டுவிட்டு, “அப்ப கல்லு எதுக்கு?” என்பார்கள். அதோடு என் வாய் அடைத்துவிடும்.

மாசியில் கமக்காரர் அமைப்பு ஒரு கூட்டம் வைத்தது. நான் வழக்கம்போல யானை எவ்வளவு அருமையான விலங்கு, விதை பரப்புகிறது, ஒரு நாளைக்கு 150 கிலோ தின்கிறது என்று தொடங்கினேன். அந்த 150ஐ நான் சொல்லியிருக்கக் கூடாது. பின்னாலிருந்து ஒருவர், “எங்கட வயலிலதானே?” என்றார், கூட்டம் முழுக்கச் சிரிப்பு. அப்போதுதான் பெட்டிக்கடை ஆச்சி எழும்பினா. (இருக்கிறா, கண்தான் மங்கல். உன் கடன் இன்னும் அவவின் மனக்கணக்கில் நிற்கிறது, நெல்லிக்காய் பத்து.) அவ கேட்டது இதுதான்: “தம்பி, காட்டோரத்தில வேலி போட்டிருக்கிறியள், சரி. யானை வேலிக்கு எந்தப் பக்கம் எண்டு பாத்தனியளோ?”

கூட்டம் முடிய என்னைத் தன் வயலுக்குப் பின்னால் கூட்டிப்போனா. வேலிக்கு இந்தப் பக்கம், எங்கள் பக்கம், வீரைப் பற்றைக்குள் ஆள் புகுந்து போகும் அளவுக்கு ஒரு பாதை. அதில் யானை லத்தி. தடியால் கிளறிக் காட்டினா, உள்ளே முழு முழு நெல். பகலில் இங்கேயே படுத்துக்கொண்டு இரவில் சாப்பாட்டுக்குப் போகிறார்கள். எங்கள் அருமையான வேலி காட்டை யானையிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு நிற்கிறது, மச்சான்!

இதையே யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோவின் ஆட்கள் கனகாலமாய்ச் சொல்லி வருகிறார்கள். இலங்கை யானைகளில் பெரும்பகுதி காப்பகங்களுக்கு வெளியேதான் திரிகிறது, ஆகவே வரைபடத்து எல்லையில் வேலி போட்டுப் பயனில்லை, ஊரையும் வயலையும் சுற்றிப் போடு என்கிறார்கள். வயல் வேலி பருவத்துக்கு மட்டும். விதைப்போடு கட்டி அறுவடையோடு சுருட்டிவிட வேண்டும். சுருட்டியபின் யானை வந்து மிஞ்சிய தாளைத் தின்னலாம், வறட்சியில் அதற்கும் ஒரு வாய். 2019இல் மட்டும் நாட்டில் 400க்கு மேல் யானையும் 120 பேரளவில் மனிதரும் போன பிறகு, 2020இல் அவர் தலைமையில் குழு போட்டுத் திட்டமும் எழுதினார்கள். நான் அதைப் படித்தவன். படித்தும், ஆச்சி தடியால் கிளறிக் காட்டும்வரை என் மண்டைக்குள் ஏறவில்லை.

பங்குனியில் பதினேழு பேர் பஸ் பிடித்து அநுராதபுரம் தாண்டிக் கல்கமுவப் பக்கம் போனோம், அப்படி வேலி வைத்திருக்கிற கமக்காரரைப் பார்க்க. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குச் சிங்களம் வராது, அவர்களுக்குத் தமிழ் வராது. ஆனால் யானை எப்படிக் காலால் கம்பத்தை உதைக்கும், எப்படிக் காய்ந்த கட்டையைத் தூக்கிக் கம்பியில் போடும் என்று இரண்டு பக்கமும் நடித்துக் காட்டினார்கள் பார், கூத்துக் கெட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில், வேலியைப் பற்றி எனக்கே வகுப்பு எடுத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருசத்தில் நான் செய்த உருப்படியான பிரசாரம் அதுதான்.

சித்திரையில் சிறுபோக நெல்லுக்கு வேலி கட்டினோம். கம்பம் ஊருடையது, கம்பியும் மின்பெட்டியும் வெளி உதவி. இதில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட், ஆனால் செக்கனுக்கு ஒரு தரம் துடித்துவிட்டு நிற்கும். தொட்டால் உதறித் தள்ளும், வீட்டுக் கரண்ட் மாதிரிப் பிடித்து வைக்காது. (சோதித்துப் பார்த்தது நான். அன்று சொன்ன வார்த்தையை எழுத முடியாது.) புல் வளர்ந்து கம்பியில் பட்டால் வேகம் இறங்கிவிடும், அதனால் முறை வைத்துப் புல் வெட்டுகிறோம். முறை வைத்தது ஆச்சி. என்னையும், அன்று கம்பி இழுத்த அவனையும் ஒரே முறையில் போட்டிருக்கிறா. கண் மங்கலாம்!

நாலு மாதமாய்க் கிழமைக்கு ஒரு நாள் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்திக்கிறோம். ஒரு சொல் இல்லை. போன கிழமை தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனான். எடுத்துப் பார்த்தால் வெறும் போத்தல். நக்கலா, மறதியா, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு அவனை என்னைவிடத் தெரியும், நீயே சொல்லு.

இரண்டு தரம் யானை வந்து கம்பியைத் தொட்டுத் திரும்பியது. ஒரு தரம் மூலைக் கம்பம் விழுந்து அரை ஏக்கர் போனது. மற்றதெல்லாம் வீடு வந்து சேர்ந்துவிட்டது. இப்போதுதான் பெரிய பிரச்சினை: நாளைக்குக் கம்பியைச் சுருட்ட வேண்டும். ஊரில் பாதிப் பேர் மாட்டோம் என்கிறார்கள். நாலு மாதம் காவல் காத்துவிட்டு நாங்களே கதவைத் திறந்து வா என்பதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சுருட்டாவிட்டால் பசியோடு நிற்கிற யானை ஒரு நாளைக்கு வேலியை உடைக்கப் பழகிவிடும், மாரி விதைப்பான காலபோகத்துக்கு ஒன்றும் மிஞ்சாது என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டு எந்த வகை என்று உனக்குத் தெரியும்.

உன் சங்கத்து ஆட்கள் இயற்கையைக் காப்போம் என்று பெரிய பலகை நடக் காசு சேர்ப்பதாய் எழுதியிருந்தாய். பலகை வேண்டாம், முன்பு நட்டதில் யானை முதுகு சொறிந்து சரித்துவிட்டது. உண்மையாகவே காசு இருந்தால் வேலி மின்பெட்டிக்கு இரண்டு பற்றரி. பெயர் எழுத இடமில்லை என்று இப்போதே சொல்லிவிடு.

வற்றலுக்குப் பதிலாக ஒரு போத்தல் பாலைப்பாணி அனுப்புகிறேன். கிளை வெட்டாமல் கீழே பொறுக்கிய பழம், கரடிக்கு மிச்சம் வைத்துவிட்டுத்தான் எடுத்தது. அக்காவுக்கும் கொடு, முறைப்பாட்டை வாபஸ் வாங்கட்டும்.

ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும். ஐயனாருக்குக் குழை கட்டிவிட்டு முதல் கம்பத்தில் நிற்பேன். ஆட்கள் வந்தால் சுருட்டுவோம். வராவிட்டாலும் நாளை எங்கள் முறை, அவனும் நானும்தான்.

உன்
பழைய பள்ளி வாங்குக்காரன்