ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருக்கும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான தவக்காலத்தைப் பற்றி நீ சொன்னது மனதை விட்டுப் போகவே இல்லை. "கறி விடல, ஒருசந்தி இல்ல, சிலுவைப் பாதைக்கு ஒரு வெள்ளி கூடப் போகல. இந்த வருஷம் எனக்குத் தவக்காலமே வரலண்ணா" என்றாய். குழந்தை அழுகிறது என்று உடனே வைத்தும் விட்டாய். உன்னைப் போலக் கைக்குழந்தையோடு தவிக்கிறவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஒருசந்தி, அதாவது நாளுக்கு ஒரு முழுச் சாப்பாடு மட்டும் என்கிற நோன்பு, 18 வயதிலிருந்து 59 வயது வரை. அதுவும் தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதன், இயேசு இறந்த பெரிய வெள்ளி இரண்டு நாள்தான் கட்டாயம். பால் கொடுக்கிற தாயை அதற்கும் வற்புறுத்துவதில்லை. இந்த 2026-ல் பிப்ரவரி 18 முதல் ஏப்ரல் 4 வரை எண்ணிப் பார், 46 நாள் வரும். ஆறு ஞாயிறைக் கழித்தால்தான் 40. ஞாயிற்றுக்கிழமை கறி சமைத்ததற்கு வருத்தப்பட்டாயே, அந்த நாள் நோன்புக் கணக்கிலேயே இல்லை.

சரி, உன் வருத்தம் சட்டத்தைப் பற்றியது இல்லை என்று எனக்குத் தெரியும்.

நான் கறி, மீன் எல்லாவற்றையும் விட்ட அந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். காசிமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, வெள்ளிக்கிழமை வஞ்சிரம் வறுத்துச் சாப்பிட்டுவிட்டு சுத்தபோசனம் (கறி தவிர்ப்பது) என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த எண்ணத்தில் தப்பில்லை, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஒரு வெள்ளி இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தேன். அம்மா கத்திரிக்காய் காரக்குழம்பு வைத்திருந்தாள். முதல் வாயிலேயே கருவாட்டு வாசனை. முந்தின நாள் நெத்திலிக் கருவாடு வைத்த மண்சட்டி அது; எவ்வளவு கழுவினாலும் வாசனை போகுமா? தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினேன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்து, நான் பிசைந்து வைத்த சோற்றை அவளே சாப்பிட்டாள். காலையிலிருந்து அவளுக்கு அதுதான் முதல் சாப்பாடு என்று அப்புறம் நீதான் சொன்னாய்.

திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளி பூசையில் பைபிளிலிருந்து எசாயா 58-ம் அதிகாரம் வாசிப்பார்கள். நோன்பு இருந்துகொண்டே சண்டை போடுகிறீர்களே என்று கடவுள் கேட்கிற இடம். ஒவ்வொரு வருஷமும் அந்த வாசகத்தின்போது எனக்கு அந்த மண்சட்டிதான் கண்ணில் தெரியும். அந்த வருஷம் நம் வீட்டில் தவக்காலத்தை அனுசரித்தது அம்மா. நான் கறியை மட்டும் விட்டிருந்தேன்.

நம் ராயபுரம் கோயில் யார் பெயரில் இருக்கிறது? இயேசுவின் சீடர் பேதுரு. துறைமுகம் வராத காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே படகு விட்டவர்கள் சேர்ந்து கட்டிய கோயில். கடலை நம்பிப் பிழைத்தவர்கள் ஒரு மீனவரின் பெயரை வைத்ததில் ஆச்சரியமில்லை. அந்தப் பேதுருவைத்தான், தாம் பிடிபட்ட ராத்திரி கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் கேட்டார், ஒரு மணி நேரம் கூட என்னோடு விழித்திருக்க முடியவில்லையா என்று. ராத்திரியெல்லாம் வலை போட்டுப் பழகிய மனுஷன், அன்றைக்குத் தூங்கிவிட்டார்.

நீ தூங்கவில்லையே. ஒரு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை எழுந்து, பால் கொடுத்து, முதுகைத் தட்டி ஏப்பம் விட வைத்து, தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடக்கிறாய். அந்த நேரத்தில் நீளமாக ஜெபம் சொல்ல வராது. சிலுவைப் பாதையில் சொல்வோமே, "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி," அது ஒன்று போதும். நடக்கிற நடைக்கு ஏற்ற மாதிரி மெதுவாகச் சொல். சொல்லும்போதே கண் சொக்கினால் தூங்கிவிடு, குற்றமில்லை.

நானும் இப்போது அப்படித்தான். முன்பெல்லாம் மணலிக்கு வேலைக்குப் போகும்போது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டுவிட்டால், கூட்ஸ் வண்டி போய் முடிகிற வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பேன். இந்த வருஷம் கேட் போட்டதும் வண்டியை அணைத்துவிட்டு சிலுவைப் பாதையில் ஒரு நிலையை, இயேசு சிலுவை சுமந்து போன வழியில் ஒரு கட்டத்தை, தியானிக்கிறேன். பதினான்கு நிலையும் வரிசையாகப் போவதில்லை. நேற்றும் நான்காம் நிலையிலேயே நின்றுவிட்டேன், இயேசு தம் தாயைச் சந்திக்கிற இடம். எதிர்ப்பக்கம் ஒரு அம்மா தலையில் மீன் கூடையோடு கேட் திறக்கக் காத்திருந்தாள். வண்டி போனது கூடத் தெரியவில்லை, பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்துத்தான் கிளம்பினேன்.

ஏப்ரல் 2 பெரிய வியாழன். ராத்திரி ஆராதனையில் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை நம் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தின் முறை. அம்மா உட்கார்ந்திருந்த அந்தத் தூண் ஓரத்தில்தான் நான் இருப்பேன். குட்டி அந்த நேரத்தில் எழுந்தால் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. போன் சட்டைப் பையில் வைப்ரேஷனில்தான் இருக்கும். நீயும் விழித்திருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன்.

அன்புடன்,
அண்ணன்