அந்த வீட்டுக்கும் போதகர் போக வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிசம்பர் 1 வந்தால் எய்ட்ஸ் தினப் பேரணியும் உறுதிமொழியும் உங்கள் பத்திரிகையில் வரும், வர வேண்டியதுதான். நான் எழுத வந்தது எங்கள் களியக்காவிளை, மார்த்தாண்டம், பாறசாலைப் பக்கத்துச் சபைகளைப் பற்றி. இந்த எல்லைப் பகுதியில் எந்தச் சந்துக்குள் திரும்பினாலும் ஒரு ஆலயம் இருக்கும். ஒரு வீட்டில் புற்றுநோய் என்றால் ஞாயிறு ஆராதனையில் பெயர் சொல்லி ஜெபிக்கிறோம், பெண்கள் ஐக்கியம் பணம் பிரித்துக் கொடுக்கிறது, போதகர் அடிக்கடி போய் வருகிறார். எச்.ஐ.வி. என்றால் மட்டும் அந்த வீட்டுக்காரர்கள் வாயே திறப்பதில்லை, ஏனென்றால் வாய் திறந்தவர்கள் பட்ட பாட்டை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

வீடு சந்திப்புக்குப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஊரோ பெயரோ சொல்ல மாட்டேன், கணவரை இழந்தவர், அவரும் எச்.ஐ.வி.க்கு மருந்து எடுக்கிறார். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் அங்கே யாராவது தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று பயந்து திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறுகிறார், அன்றைக்குக் கூலியும் போகிறது. நம்பி ஒரு சபை ஊழியரிடம் விஷயத்தைச் சொன்னார். அவரோ ஒரு ஜெபக் கூட்டத்தில், பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது, இந்தக் குடும்பத்தில் நடந்த மறைவான பாவத்தை மன்னியும் என்று சத்தமாக ஜெபித்துவிட்டார். அதற்கப்புறம் மாமியார் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாட வருவது நின்றது, அந்தப் பெண் ஆலயத்துக்கு வருவதையும் விட்டுவிட்டார்.

நம்பிக்கையோடு ஒருவர் ஒப்புவித்த விஷயத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வது சட்டப்படி தவறு. 2017-ல் நிறைவேறிய எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலை, பள்ளிக்கூடம், வாடகை வீடு, கல்லறைத் தோட்டம், அடக்கச் சடங்கு எதிலும் பாரபட்சம் காட்டக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. எத்தனை சபைக் கமிட்டிகளுக்கு இது தெரியும்?

பாவம் என்ற பேச்சுக்கு வருகிறேன். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றுதான் இயேசு சொன்னார், யோவான் ஒன்பதாம் அதிகாரம், ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த பகுதி. அப்படியிருக்க, வீட்டுக்குள் நுழைந்ததும் "எப்படி வந்தது?" என்று கேட்கிற உரிமையை நமக்கு யார் கொடுத்தது? கட்டிய கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்களிடமும், தாயின் வயிற்றிலேயே தொற்று வாங்கிப் பிறந்த பிள்ளைகளிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கணவனிடம் கேட்டாலும் அது ஆறுதல் ஆகாது.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நம் நாட்டில் முதல்முதலாக இந்தத் தொற்றைக் கண்டறிந்தபோது இதற்கு இங்கே மருந்தில்லை. அந்தக் காலத்தில் போதகரின் வேலை சாகப்போகிறவர் பக்கத்தில் இருப்பதாக இருந்தது. 2004-லிருந்து அரசே கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது, இப்போது பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒரே மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டு, பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாகக்கூட அடுத்தவருக்குப் பரவாது. தாய் மருந்து எடுத்தால் பிள்ளைக்குத் தொற்றாமலே காப்பாற்றிவிட முடிகிறது. ஆக இன்றைக்குத் தேவைப்படுவது முப்பது நாற்பது வருஷம் கூடவே வருகிற துணை. நம் பிரசங்கங்கள் இன்னும் அந்தப் பழைய மரணப் படுக்கையிலேயே நிற்கின்றன.

எனக்கு ரொம்பவும் கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு, நிறுத்திவிடு என்று சொல்கிறவர்கள். மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே கிருமி மறுபடி பெருகிவிடும், விட்டு விட்டுச் சாப்பிட்டால் அந்த மருந்துக்கே மசியாத கிருமியாகவும் மாறலாம். ஜெபியுங்கள், தாராளமாக ஜெபியுங்கள், ஆனால் ஜெபித்துவிட்டு, "ராத்திரி மாத்திரை போட்டாச்சா?" என்றும் கேளுங்கள். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பருகுவதால் தொற்றிவிடும் என்று முகம் சுளிப்பவர்களுக்கும் சொல்கிறேன், எச்சிலால் இது பரவாது, தட்டும் டம்ளரும் அப்படித்தான். போதகரே அந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாயா குடித்தால் மாமியாருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

குடும்பத்தில் இருக்கிற மற்றவர்களை யாரும் நினைப்பதே இல்லை. மகனையும் மருமகளையும் அடக்கம் செய்துவிட்டுப் பேரப்பிள்ளையை வளர்க்கிற பாட்டிமார் இங்கே இருக்கிறார்கள். பிள்ளை வளர்ந்து, "எனக்கு மட்டும் ஏன் பாட்டி தினமும் மாத்திரை?" என்று கேட்கும்போது அவர்கள் என்ன சொல்வார்கள்? சத்துக்கு, சளிக்கு என்று சமாளித்துக்கொண்டே போனால், பிள்ளை ஒருநாள் பள்ளிக்கூடத்திலோ போனிலோ தானே தெரிந்துகொண்டு, இத்தனை நாள் பொய் சொன்னீர்களா என்று மாத்திரையையே தூக்கி எறிந்துவிடும். வயசுக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வேண்டும், மருந்து வாங்குகிற மையத்தில் இருக்கிற ஆலோசகர் அதற்கு உதவுவார். அந்தப் பாட்டியோடு கூடப் போக ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான், அந்த ஆள் சபையிலிருந்து ஏன் போகக்கூடாது? அப்புறம் அந்தப் பிள்ளைக்குக் கல்யாண வயசு வருகிறது. மருந்து எடுக்கிறவர்கள் கல்யாணம் செய்யலாம், தொற்றில்லாத பிள்ளை பெறலாம், ஆனால் துணையாக வருகிறவரிடம் முன்பே உண்மையைச் சொல்லியாக வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று தவிக்கிற இளைஞர்களுக்குப் பேச நம்பகமான ஒரு பெரியவர் வேண்டும்.

பேராயங்களும் மறைமாவட்டங்களும் போதகர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் உபதேசியார்களுக்கும் இதில் பயிற்சி கொடுக்கட்டும், மருந்து எடுத்து வாழ்கிறவர்களையே அழைத்துப் பேச வைக்கட்டும். ஜெப விண்ணப்பச் சீட்டில் நோயின் பெயர் எழுத வேண்டாம் என்று கமிட்டிகள் இந்த வாரமே முடிவெடுக்கலாம், அதற்குப் பணம் வேண்டாம். உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஐயா. கட்டணமில்லாத 1097 உதவி எண்ணை எங்கள் குமரிப் பதிப்பில் டிசம்பர் 1 அன்று மட்டும் போடாமல், வாரம் ஒரு நாளாவது ஆலயச் செய்திகள் வருகிற பக்கத்தில் போடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் விடாமல் வாசிக்கிற பக்கம் அது.

இப்படிக்கு,
விளவங்கோடு வட்டத்திலிருந்து ஒரு வாசகி