வேன் இன்ஜினைப் பிக்கப்பில் ஏற்றத் துணைநின்றோர்க்கு நன்றி மடல்

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரியோர்க்கு,

14 மாதங்கள் அசையாமல் நின்ற எங்கள் 1988ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், ஹைஏஸ் வேனிலிருந்து இறக்கிய 3எல் டீசல் இன்ஜினோடு (2எல், 3எல் என்பவை டொயோட்டா இன்ஜின் வகைகளின் பெயர்கள், லிட்டர் கணக்கல்ல) 1,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. நேற்று, முதன்முதலில் ஊற்றிய ஆயிலை வடித்து, அதை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்து, இரும்புத் துகள் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகே இம்மடலை எழுத அமர்ந்தேன். முன்பே எழுதியிருக்கலாம், ஆனால் சரிபார்க்காமல் எதையும் முடிந்ததாகச் சொல்லாதே என்று எனக்குப் பழக்கியவர்களே நீங்கள்தாம்.

பழைய 2எல் இன்ஜின் போனதற்கு நானே பொறுப்பு. வெடிப்பு விட்டிருந்த ரேடியேட்டர் ஹோஸை மாற்றாமல் பாரம் ஏற்றிச் சென்றேன்; தண்ணீர் இறங்கி, சூடு ஏறி, சிலிண்டர் ஹெட் விரிசல் கண்டது, பிளாக்கின் மேல்தளமும் வளைந்துபோனது. வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று பலரும் சொன்ன நேரத்தில், இரண்டு இன்ஜின்களும் ஒரே குடும்பம் என்பதை எடுத்துச் சொன்னவர் பழைய பாகங்கள் விற்கும் அண்ணன். 2எல் இன்ஜினில் சிலிண்டரின் விட்டமும் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) 92 மில்லிமீட்டர், கொள்ளளவு 2,446 சிசி; 3எல் இன்ஜினில் இரண்டும் 96 மில்லிமீட்டர், கொள்ளளவு 2,779 சிசி. எங்கள் கியர்பாக்ஸைக் கழற்றி எறியாமல் அப்படியே இந்த இன்ஜினோடு சேர்க்கலாம் என்று அவர், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்கைப் பொருத்தியே காட்டினார்.

அண்ணன் செய்த பெரிய உதவி அதுவன்று. நான் முதலில் தேர்ந்தெடுத்த இன்ஜினின் தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்து, தண்ணீர் மட்டுமே ஓட வேண்டிய அந்த இடத்தில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் காட்டி, "இது வேண்டாம்" என்று தம் விற்பனையைத் தாமே நிறுத்தினார். இரண்டாவது இன்ஜினைத் தரையில் வைத்தே கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, செல்ஃப் மோட்டாரைத் தாங்க ஒரு பழைய பெல் ஹவுசிங்கைத் தேடி எடுத்து மாட்டி, பேட்டரியும் கொடுத்தார். ஸ்டார்ட் செய்யுமுன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் துளை வழியாக அளந்ததில் நான்கு சிலிண்டர்களும் சதுர சென்டிமீட்டருக்கு 28 முதல் 30 கிலோ வரை காட்டின. எண் பெரிதாக இருப்பதைவிட நான்கும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதே முக்கியம் என்று அன்றுதான் அறிந்தேன்.

அடுத்து, மெக்கானிக் ஐயா. அவரைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். வேனில் இன்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் உட்காருகிறது. பிக்கப்பில் பானெட்டுக்குக் கீழே, வேறு சட்டங்களுக்கு நடுவே உட்கார வேண்டும். செயினில் தொங்கவிட்டு இறக்கிப் பார்த்தபோது, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் குழி, முன் குறுக்குச் சட்டத்தில் போய் முட்டியது. பழைய இன்ஜினின் சம்ப்பைக் கழற்றி இதில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நான் ஸ்பேனரை எடுத்துவிட்டேன். ஐயா என் கையைப் பிடித்து நிறுத்தினார். சம்ப்பை மட்டும் மாற்றினால், ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் பழைய இடத்திலேயே நிற்கும். ஆயில் ஓரிடத்திலும் உறிஞ்சும் வாய் வேறிடத்திலுமாக, பாரத்தோடு மேடு ஏறும்போது பம்ப் காற்றை இழுக்கும், பேரிங்குகள் சில நிமிடங்களில் தேய்ந்துபோகும் என்று பொறுமையாக விளக்கினார். சம்ப், ஸ்ட்ரெய்னர், ஆயில் அளவுக்கம்பி, அதன் குழாய் ஆகிய நான்கையும் சேர்த்தே மாற்றினோம். அதோடும் அவர் விடவில்லை. ஸ்ட்ரெய்னரின் அடியில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி, சம்ப்பை ஒருமுறை இறுக்கிக் கழற்றி, நசுங்கிய களிமண்ணின் கனத்தை அளந்து, அடித்தட்டுக்கும் ஸ்ட்ரெய்னருக்கும் இடையே 7 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதை என்னையே எழுதிக்கொள்ளச் செய்தார். சம்ப் திறந்திருந்த அந்த நேரத்தில் ஒரு கனெக்டிங் ராட் மூடியையும் கழற்றி, பேரிங்கில் செம்பு நிறம் வெளிவரவில்லை என்பதையும் பார்த்துவிட்டார். கூலி கேட்ட வேலை இல்லை இவற்றில் ஒன்றும்.

இன்ஜினின் சுழலும் பாகங்களை ஒரே தாளத்தில் இணைக்கும் புதிய டைமிங் பெல்ட்டை மாட்டிய மாலையிலும் அப்படித்தான். கேம்ஷாஃப்ட், டீசல் பம்ப், கிராங்க்ஷாஃப்ட் ஆகிய மூன்றின் குறிகளும் நேராக இருந்தன. எனக்கு அது போதுமாக இருந்தது. கையாலேயே கிராங்க்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றச் சொன்னார் ஐயா, ஏனெனில் கிராங்க் இருமுறை சுற்றினால்தான் கேம் ஒருமுறை சுற்றும். சுற்றி முடித்தபோது பம்ப்பின் குறி ஒரு பல் தள்ளி நின்றது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தி, மீண்டும் மாட்டி, மீண்டும் சுற்றினோம். ஒரு பல்தானே என்று விட்டிருந்தால், புகையும் இழுவைக் குறைவுமாக இந்த இன்ஜினைக் குறை சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஒயரிங் பார்த்த தம்பிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஹீட்டர் பிளக்குகளின் மேல் பொறித்திருந்த வோல்ட்டேஜை அவர் கண்ணாடி வைத்துப் படித்தார். வேனின் பிளக்குகள் 6 வோல்ட் வகை. எங்கள் வண்டியின் ரிலேயோ 12 வோல்ட்டை முழுமையாக அனுப்புவது. அப்படியே இணைத்திருந்தால் பிளக் முனை கருகி உடைந்து உள்ளே விழுந்திருக்கலாம். 12 வோல்ட் பிளக்குகள் கிடைக்கும்வரை காத்திருக்கச் சொன்னார். 9 நாள்கள் காத்திருந்தோம்.

எக்சாஸ்ட் ஃபிளாஞ்சைக் கடைந்து தந்த லேத் பட்டறையாருக்கும், கழற்றிய ஒவ்வொரு ஒயரிலும் சீட்டு ஒட்டி நோட்டில் வரைந்து வைத்த என் தங்கைக்கும், இன்ஜின் எண் மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற எந்தெந்தத் தாள்கள் வேண்டும் என்று முதல் நாளே தெளிவாக எழுதித் தந்த அலுவலருக்கும் என் நன்றி. கியர்பாக்ஸைச் சேர்த்த இரவில், போல்ட்டை இறுக்கி இழுக்காமல், ஷாஃப்ட் தானாக வழுக்கி உள்ளே போகும்வரை தோள் கொடுத்துத் தூக்கிநின்ற பக்கத்து வீட்டு இளைஞர்கள் இருவரையும் மறக்க மாட்டேன்.

முதல் ஸ்டார்ட் அன்று நீங்கள் பெரும்பாலோர் உடனிருந்தீர்கள். டீசலை நிறுத்தும் சொலினாய்டின் ஒயரைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை வெறுமனே சுற்றினோம். பின் ஒயரை மாட்டி, ஃபில்டர் மேலுள்ள கைப்பம்ப்பை அழுத்தி, இன்ஜெக்டர் குழாய் நட்டுகளைத் தளர்த்தி ஏர் எடுத்தோம். நட்டுகளில் டீசல் கசிந்ததும் இறுக்கினோம். மூன்றாம் முயற்சியில் பிடித்துக்கொண்டது. எல்லோரும் கைதட்டியபோது ஐயா மட்டும் பிரேக் பெடலை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்டர்னேட்டரின் பின்னால் இருந்து பிரேக்குக்குத் துணைசெய்யும் வேக்குவம் பம்ப் வேலை செய்கிறதா என்பது அவருடைய கவலை. பெடல் மெத்தென்று இறங்கிய பின்னரே அவர் சிரித்தார்.

தெருவின் நடுவே 3 வாரங்கள் கம்பியில் தொங்கிய இன்ஜினைப் பொறுத்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும் நன்றி. செயின் பிளாக்கை இரவலாகத் தந்தவரே, அதன் கொக்கியிலும் சங்கிலியிலும் படிந்த கறையைத் துடைத்து, புதுக் கிரீஸ் இட்டு வைத்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அதே பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்து உங்கள் கையில் சேர்க்கிறேன்.

நன்றியுடனும் வணக்கத்துடனும்,
பிக்கப்பின் உரிமையாளர்