மெழுகுவர்த்தி வாங்கியிருக்கும் யாழினிக்கு

அன்புள்ள யாழினி,

உன் அம்மா போனில் பொரிந்து தள்ளினாள். "கோயிலுக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்கறா. டிசம்பர் 21 ராத்திரி மொட்டைமாடியில மெழுகுவர்த்தி ஏத்தி ஏதோ பண்ணப் போறாளாம். நீதான்டா கெடுத்தே." அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை.

நீ இப்போது உன்னை 'பேகன்' என்கிறாய், இயற்கையைக் கும்பிடுகிறவள் என்ற அர்த்தத்தில். அந்தச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு நாட்டுப்புறத்தான் என்று பொருள். பட்டிக்காட்டான் என்றே வைத்துக்கொள். வேளச்சேரியில் ஒன்பதாவது மாடியில் இருந்துகொண்டு பட்டிக்காட்டாள் ஆகப் பார்க்கிறாய், நல்லது. சாமி கிடையாது, மந்திரம் பலிக்காது, ஆனாலும் மழைக்கும் மரத்துக்கும் முன்னால் கைகூப்பத் தோன்றுகிறது என்கிறாய். முப்பது வருஷமாக நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால் உன் பஞ்சாங்கம் இடிக்கிறது. வருஷத்துக்கு எட்டுப் பண்டிகை என்று நீ பின்பற்றும் அந்தச் சக்கரம், போன நூற்றாண்டின் நடுவில் பிரிட்டன் பேகன்கள் கோத்தது. வருஷத்தின் மிகக் குறுகிய பகல் வரும் உன் டிசம்பர் 21-உம் அதில் ஒன்று. லண்டனில் டிசம்பர் 21 அன்று பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. ஜூனில் பதினாறரை மணிக்கு மேல். அங்கே ஒருவன் தீ மூட்டி 'சூரியனே திரும்பி வா' என்றால் அதில் அர்த்தம் இருக்கிறது. சென்னையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். மார்கழியில் வெயில் கொஞ்சம் தணிந்ததே என்று நிம்மதியாக இருப்பவர்கள் நாம். திரும்பி வா என்று யாரைக் கூப்பிடப் போகிறாய்?

நமக்கு வேறு நாட்கள் இருக்கின்றன. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகல் தாண்டிச் சில நிமிஷத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மாடியில் ஒரு பாட்டிலை நிறுத்திப் பார், நிழல் அதன் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். லண்டன்காரனுக்கு வாழ்நாளில் அது வாய்க்காது. அப்புறம், முதல் மழைக்கு மறுநாள் விளக்கைச் சுற்றும் ஈசல். சித்திரையில் மாடிப்படியெல்லாம் உதிரும் வேப்பம்பூ. பழைய இலக்கணம் கார்காலத்தை ஆவணி, புரட்டாசி என்கிறது. சென்னைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். பழசு என்பதற்காக அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே, ஜன்னலைத் திறந்து பார்.

என் கதை ஒன்று. பாட்டி இறந்த மறுவருஷம் மாசியில் திதி கொடுக்க மாட்டேன் என்று வீம்பாக இருந்துவிட்டேன். அன்று பொழுது முழுக்கக் கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ராத்திரி ஒரு நண்பன் ஆமை நடைக்கு இழுத்துப் போனான், கடற்கரையில் நடந்து கடலாமை முட்டைகளைத் தேடிக் காப்பாற்றும் நடை. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் நடத்துவது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, நள்ளிரவில். முன்பின் தெரியாத இருபது பேர். மணலில் டிராக்டர் போனது போல ஒரு தடம். ஒரு பையன் தோள் வரை கையை விட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தான், நூற்றுக்கு மேல். பாதுகாப்பான பொரிப்பகத்தில் புதைக்க எடுத்துப்போனார்கள். ஒன்றை என் கையில் கொடுத்தான். ஓடு மெத்தென்று இருந்தது. அன்று நான் பாட்டிக்குச் செய்தது அதுதான்.

நம் மீனவர்கள் இந்த ஆமையைப் பங்குனி ஆமை என்கிறார்கள். ஒரு பிராணியின் பெயரிலேயே மாதத்தை வைத்தவர்களுக்கு வேறு பஞ்சாங்கம் எதற்கு?

2025 ஜனவரியில் இதே கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. எங்களில் சிலர் விடியும்வரை அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், ஒன்றும் பேசாமல். உன் எட்டுப் பண்டிகைக்குள் இதற்கு எங்கே இடம் என்று யோசித்துப் பார். தனியாக மாடியில் ஏற்றும் மெழுகுவர்த்தி இதற்குத் தாங்காது. பக்கத்தில் நாலு பேர் வேண்டும். அவர்கள் உன்னைப் போலவே நம்பிக்கை இல்லாதவர்களாக இருக்க வேண்டியதில்லை. என்னோடு நடக்கும் ஒருவர், குஞ்சு அலையைத் தொட்டதும் 'முருகா' என்பார். எனக்கு அது உறுத்துவதே இல்லை.

சரி, மெழுகுவர்த்தியைப் பத்திரமாக வை. அடுத்த புயலுக்குக் கரண்ட் போகும்போது உதவும். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி வா. டார்ச் வேண்டாம், பழைய செருப்பு போதும். அம்மாவையும் கூட்டி வா. சுகருக்கு நல்ல நடை என்று சொல், வந்துவிடுவாள்.

உன்,
மாமா