நிதி திரட்டிய நம் தன்னார்வலர்களுக்குப் பாராட்டு – அக்டோபர் 10, சனி

அனைவருக்கும் வணக்கம்.

நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு வீடற்றோர் தங்க ஒரு காப்பகமாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொன்னது. சென்னையில் மாநகராட்சிக் காப்பகங்கள் இருந்தும், பாரிமுனைப் பக்கம் இன்னும் குடும்பத்தோடு நடைபாதையில்தான் படுக்கிறார்கள். அவர்களுக்காக வீடு வீடாகப் பழைய பேப்பர் வாங்கி எடைக்குப் போட்டு, ஞாயிறுதோறும் கேட் அருகே முறுக்கு, அதிரசம் விற்று, மழைக்கு முன்பே தார்ப்பாயும் போர்வையும் கொடுத்துவிட்டார்கள் நம் தன்னார்வலர்கள்.

உலக வீடற்றோர் தினமான அன்று மாலை 5.30-க்கு மொட்டை மாடியில் பாராட்டு. மழை வந்தால் கீழே பார்க்கிங்கில்.

1. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று புதன் இரவுக்குள் இங்கேயே எழுதுங்கள். கட்டைவிரல் போட்டால் போதாது, சுண்டலுக்குக் கணக்கு வேண்டும்.
2. பொன்னாடை, மாலை வேண்டாம். அவர்களே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பணத்தை உண்டியலில் போடுங்கள்.
3. பழைய துணி தயவுசெய்து வேண்டாம். போன தடவை வந்ததில் பாதி கிழிசல். புது லுங்கி, நைட்டி, துண்டு என்றால் சரி.
4. பார்க்கிங்கில் முதல் வரிசை வண்டிகளை 5 மணிக்குள் எடுத்துவிடுங்கள்.
5. இரண்டு வார்த்தை பேச விரும்புவோர் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம்தான்!

– செயலாளர், குடியிருப்போர் சங்கம்