வீட்டில் எத்தனை பேர்

முரசுமோட்டை
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இங்கே சுகம். வற்றாப்பளை அம்மாள் உன்னையும் சுகமாய் வைத்திருக்க வேண்டும். போனில் கதைக்கத்தான் பார்த்தேன். நீ இரண்டு வார்த்தை சொல்வதற்குள் "வேலைக்கு நேரமாச்சு அம்மா, பிறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய், பிறகு எடுப்பதும் இல்லை. அதனால் எழுதுகிறேன். தம்பி படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுவான். என் எழுத்து உனக்கு விளங்கும்தானே.

அங்கே கனடாவில் கைவிடப்பட்ட நாய்களை வளர்க்கக் கொடுக்கிற குழுவிடம் கேட்ட நாய் கிடைக்கவில்லை என்று மட்டும் நீ சொல்லியிருந்தால், சரி, போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அந்த விண்ணப்பப் படிவத்தையும் தம்பிக்கு அனுப்பி, "என்னவெல்லாம் கேட்டிருக்கிறார்கள் என்று அம்மாவும் பார்க்கட்டும்" என்று எழுதியிருந்தாயாம். பார்த்தேன். இரவுச் சாப்பாடு முடிந்து விறாந்தையில் இருந்து அவன் ஒவ்வொன்றாய்த் தமிழில் சொல்ல, நான் முழுவதையும் கேட்டேன். சொந்த வீடா, வாடகையா. வேலி எவ்வளவு உயரம். நாய் எங்கே படுக்கும். ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் தனியே இருக்கும். மிருக வைத்தியர் யார். உன்னைப் பற்றிச் சொல்லக்கூடிய, சொந்தக்காரர் அல்லாத இரண்டு பேர். கலியாணத்துக்கே எங்கள் ஆட்கள் இவ்வளவு விசாரிப்பதில்லை.

அவர்கள் கேட்டது பிழை என்று நான் சொல்லமாட்டேன். இங்கே பெட்டைக் குட்டி என்றால் உரப்பையில் போட்டுக் கொண்டுவந்து சந்தையடியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். போன மாதமும் பரந்தன் ரோட்டுக் கரையில் மூன்று குட்டி, கண்கூடச் சரியாய்த் திறக்கவில்லை. அப்படியான சனங்களை ஒவ்வொரு நாளும் காண்கிறவர்கள் நாலு கேள்வி கூடக் கேட்கத்தான் செய்வார்கள். கொடுத்த நாயை நாலு மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டால் அது இன்னும் பயந்து போகும் என்று நீயே எனக்குச் சொன்னாய். ஊசி போட்டு, குட்டி போடாமல் சத்திரசிகிச்சை செய்து, தோலுக்குள் சிப் வைத்துத் தருகிறார்கள் என்றும், இவர்களுக்கென்று ஒரு கட்டடமும் இல்லை, நாய்களை ஆளுக்கொன்றாய்த் தங்கள் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறார்கள் என்றும் சொன்னாய். நல்ல மனம் உள்ளவர்கள்தான். ஆனால் அந்த நல்ல மனதில் கொஞ்சத்தை மனிசருக்கும் காட்டலாம். வீட்டை மூலை மூலையாய் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினாய். வீட்டுக்காரரிடம் கடிதம் கேட்டார்கள். செல்லப்பிராணி வைத்திருக்கக்கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதினாலும் ஒன்ராறியோவின் சட்டப்படி அது செல்லாதாம், அப்படியிருந்தும் நீ அந்த மனிசனுக்குப் பின்னால் திரிந்து கடிதம் வாங்கினாய். நாயைப் போய்ப் பார்க்கவும் விட்டார்கள். மண்ணிறம், வலது காது மடிந்தது, உன் சப்பாத்தில் தாடையை வைத்துக்கொண்டு நித்திரை. அந்தப் படத்தைத் தம்பியின் போனில் இன்னும் அழிக்கவிடவில்லை. படுக்கை வாங்கினாய், தட்டு வாங்கினாய். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் ஒரு சத்தம் இல்லை. கடைசியில், கூடப் பொருத்தமான குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டோம் என்று இரண்டு வரி. பெண் பார்க்க வந்து பலகாரமும் சாப்பிட்டுவிட்டு முடிவு சொல்லாமல் போகிறவர்களைப் போல. இல்லையென்றால் இல்லையென்று அடுத்த நாளே சொல்லியிருக்கலாமே. காத்திருக்க வைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். முன்பு நாய் வளர்த்திருக்கிறீர்களா, அந்த நாய்க்கு என்ன நடந்தது என்ற கேள்வி. நீ என்ன எழுதியிருந்தாய் என்று தம்பி சொன்னபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. "வளர்த்தோம். விட்டுவிட்டு வந்தோம்." இவ்வளவுதான் எழுதியிருந்தாய்.

பிள்ளை, அங்கே இருக்கிற ஒரு வெள்ளைக்காரி அதை வாசித்தால் அவளுக்கு என்ன விளங்கும்? வீடு மாறும்போது நாயைத் தெருவில் விட்டுவிட்டுப் போன ஆட்கள் என்றுதான் விளங்கும். அவர்களிடம் வந்து சேருகிற நாய்களில் பாதி அப்படி விடப்பட்டவையாய்த்தான் இருக்கும். யுத்தம் என்று ஒரு சொல் எழுதியிருக்கலாமே. செத்துவிட்டது என்று எழுதினாலும் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? பொய் எழுதச் சொல்கிறாளே என்று நினைக்காதே. உனக்குப் பொய் வராது, அப்பாவைப் போல. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் நீ எழுதியதும் முழு உண்மை இல்லை.

நீ விட்டுவிட்டு வரவில்லை. உனக்கு அப்போது பதினொரு வயது. 2008 மார்கழிக் கடைசியில் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டிக்குள் நெல் மூட்டை, கட்டில் சட்டம், தையல் மெசின், அம்மம்மா எல்லாம் ஏற்றின பிறகு, எங்கள் நாய் வீமனுக்கு இடமில்லை என்று சொன்னது அப்பா. கட்டினபடி கிடந்தால் பட்டினியில் செத்துவிடும் என்று கயிற்றை அவிழ்த்துவிட்டது நான். அது புளியம்பொக்கணைப் பக்கம் வரை பின்னால் ஓடிவந்தது. நீ பெட்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே வந்தாய், அழவும் இல்லை. தருமபுரத்தில் இறக்கினபோது உன் உள்ளங்கை முழுக்கச் சிராய், நான்தான் ஊசியால் எடுத்துவிட்டேன். அது உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. அந்த விசயத்தை உன் கணக்கில் எழுதாதே. இனி எந்தப் படிவத்திலும் எழுதாதே. பெரியவர்கள் எடுத்த முடிவு, அதில் ஒருவர் இன்றைக்கு இல்லை, மற்றவள் நான். கேட்கிறவர்கள் என்னைக் கேட்கட்டும்.

திரும்பி வந்த பிறகும் எத்தனை நாள் படலையடியில் நின்று பார்த்தாய்! வீட்டுத்திட்டத்து வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போதுகூட மூலையில் ஒரு சட்டியில் சோறு வைத்திருந்தாய். மேசன் என்ன என்று கேட்டதற்கு நான் காகத்துக்கு என்று சொன்னேன்.

சரி. மற்றக் கேள்விகளுக்கும் பதில் நல்லாய்த்தான் எழுதியிருக்கிறாய். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி இருந்தது. தம்பி அந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் "ஒருவர்" என்று வாசித்தான். பிறகு கெதியாய் அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. மருமகனின் தாயார் போன மாதம் கோயிலில் என்னைக் கண்டும் காணாததுபோலப் போனார், வெயிலுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்கமாட்டேன்.

மெனிக்பாம் முகாமில் பதிந்த நாள் உனக்கு நினைவிருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்க, நான் வாய்ப்பழக்கத்தில் நாலு என்று சொல்லிவிட்டேன். நீ என் சீலையைப் பிடித்து இழுத்தாய். அவர் நாலு என்று எழுதினதை வெட்டிவிட்டுப் பக்கத்தில் மூன்று என்று எழுதினார். அந்த வெட்டுக் கோடு கார்ட்டில் கடைசிவரைக்கும் கிடந்தது. கார்ட்டைக் காட்டுகிற இடத்திலெல்லாம் யாராவது பார்த்துவிட்டு ஏன் வெட்டியிருக்கிறது என்று கேட்பார்கள், நானும் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். சொல்லித்தான் உங்கள் இரண்டு பேரையும் வளர்த்தேன். எண்ணிக்கை குறைந்தால் குறைந்ததுதான் பிள்ளை. அதற்காக நீ முகத்தை மறைத்துக்கொண்டு திரியத் தேவையில்லை, என்னிடம் மறைக்க அறவே தேவையில்லை. யாரையும் துரத்திவிட்டாயோ, யாரும் உன்னை விட்டுவிட்டுப் போனாரோ, அதையும் நான் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. இரவு வேலை முடிந்து பஸ்ஸுக்குத் தனியே நிற்காதே.

எனக்குக் கோபம் வந்தது இன்னொரு இடத்தில்தான். உங்களுக்கு ஏலாமல் வந்தால் நாயைப் பார்க்கப்போவது யார் என்று கேட்டிருக்கிறார்கள். நீ வெறுமையாய் விட்டிருக்கிறாய். நாய் கிடைக்காமல் போனதற்கு அதுவே காரணமாய் இருக்கலாம் என்று தம்பி சொல்கிறான், வேலியும் இல்லை வேலை நேரமும் இல்லையாம். பெரியம்மாவின் மகள் மிசிசாகாவில்தானே இருக்கிறாள்? நீ கனடாவுக்குப் போன முதல் குளிருக்குத் தன் கோட்டைக் கழற்றித் தந்தவள். அவளுடைய பெயரை எழுத உனக்கு என்ன கஷ்டம்? அவள் கேள்வி கேட்பாள் என்ற பயமா? கேட்டால் கேட்கட்டும், பதில் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வா. தொண்ணூறு வயதுக் கிழவிகளைப் புரட்டிக் கழுவி, இரவு முழுக்கக் கண்விழித்துப் பார்க்கிற பிள்ளை நீ. உனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் பார்க்க ஆள் இல்லை என்று எழுதாமல் எழுதி அனுப்பியிருக்கிறாய். அந்த இடத்தைத் தம்பி வாசித்தபோது எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன்.

உனக்குத் தெரியாமல் ஒரு வேலை பார்த்தேன், இப்போது சொல்கிறேன். வாய்க்கால் கரை வீட்டு நாய் போட்ட குட்டிகளில் ஒன்றை உனக்கென்று சொல்லிவைத்தேன். ஊர்நாய்தான், ஆனால் புடையன் பாம்பைக் கண்டால் நின்ற இடத்தில் நின்று குரைக்கிற சாதி, தாயைப் பார்த்திருக்கிறேன். விசர்நாய்க்கடிக்குப் போடுகிற ஊசியைச் சுகாதாரப் பகுதியினர் இங்கே சும்மா போட்டுவிடுகிறார்கள், அதையும் போட்டு, ஆரும் வருகிறவர்களுடன் அனுப்பலாம் என்று யோசித்தேன். தம்பி தேடிப் பார்த்துவிட்டுச் சரிவராது என்கிறான். விசர்நோய் கூடிய நாடுகள் என்று கனடா ஒரு பட்டியல் போட்டு, 2022 செப்டெம்பர் 28இல் இருந்து அந்த நாடுகளில் இருந்து வர்த்தக நாய்களை எடுப்பதில்லையாம். பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. வளர்க்கக் கொடுப்பதற்கென்று கொண்டுவருகிற நாயையும் அந்த வகையில்தான் சேர்க்கிறார்களாம். குட்டியை இப்போது நானே எடுத்துவிட்டேன். இதை எழுதும்போது என் பாயின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

ஆனபடியால் நீ அங்கேதான் எடுக்கவேண்டும். ஒரு குழு இல்லையென்றதும் நாய் வேண்டாம் என்று இருந்துவிடாதே. ரொறன்ரோ நகரசபையே காப்பகம் வைத்து நாய் கொடுக்கிறது, அங்கே போய்க் கேள். குட்டி கேட்காதே, வயது போன நாயாய்க் கேள். குட்டி என்றால் நீ வேலைக்குப் போனதும் அழும், பக்கத்து வீட்டார் முறைப்பாடு வைப்பார்கள். வயது போனது என்றால் பகலில் நீ படுக்கும்போது அதுவும் படுக்கும். பழைய நாய்க்கு என்ன நடந்தது என்று கேட்டால் யுத்தத்தில் என்று எழுது. ஏலாமல் வந்தால் யார் என்று கேட்டால் அக்காவின் பெயரை எழுது. வெறுமையாய் விடாதே. நகரசபைக் காப்பகத்துக்கு இந்தக் கிழமையே போ.

இங்கே பெரிய புதினம் இல்லை. காலபோக நெல் விதைத்தாயிற்று, மழை இன்னும் காணாது, இரணைமடுக் குளத்தில் தண்ணீர் மட்டமாய்த்தான் இருக்கிறது. 2018இல் போல வான்கதவைத் திறந்து வெள்ளம் விடாமல் இருந்தால் போதும். நீ அனுப்பின காசில் குசினிக் கூரைக்குச் சீற் போட்டாயிற்று. இந்த மாதம் அனுப்பாதே. உனக்கு இருக்கட்டும், உண்மையாய்ச் சொல்கிறேன்.

சித்தப்பாவின் பெடியன் தை பிறக்கக் கனடா வருகிறான். தூள் கொடுத்துவிடலாம், மிளகாய் வாங்கிக் காயவைத்திருக்கிறேன். போனமுறை இரண்டு பேருக்கென்று ஐந்து கிலோ திரித்தேன். இந்தமுறை எவ்வளவு திரிக்க வேண்டும் என்று மட்டும் தம்பிக்கு எழுதிப்போடு.

அன்புள்ள
அம்மா