அல்புமினையும் படித்துச் சொல்லுங்கள், டாக்டர்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்துச் சிறுநீரக மருத்துவர்களுக்கு,

வணக்கம். தேவனாம்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு மூன்று வருடமாக வயிற்று வழி டயாலிசிஸ்; குழாய் வழியாக வயிற்றுக்குள் திரவத்தை விட்டு, கழிவோடு வடித்து எடுப்பது. ஒரு நாளைக்கு நான்கு தடவை பை மாற்ற வேண்டும். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்டு, சோப்பால் கை கழுவிய பிறகுதான் குழாயைத் தொடுவேன். வடிந்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்ப்பேன். அடியில் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் நிம்மதி.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை எழுத்து தெரியவில்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது பை. அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். வயிற்றுக்குள் தொற்று. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி.

வீடு திரும்பியதும் பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். ரத்தத்தில் இருக்கும் புரதமான அல்புமின் 3.4, அப்புறம் 3.1, அப்புறம் 2.7. கடைசித் தாளில் பொட்டாசியமும் குறைவு, 3.1தான். அந்த மூன்று மாதமும் எங்களிடம் சொல்லப்பட்டது ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் மட்டும்.

அல்புமின் இறங்கியதால்தான் தொற்று வந்தது என்று சண்டைக்கு வரவில்லை. வடியும் நீரோடு தினமும் 5 முதல் 15 கிராம் புரதம் போய்விடுகிறது. அல்புமின் குறைந்தவர்களுக்கு வயிற்றுத் தொற்று அதிகம் வருவதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. பொட்டாசியம் குறைந்தால் குடல் மந்தமாகும், குடல் கிருமி வயிற்றறைக்குள் கடக்க வழி உண்டாகலாம் என்கிறார்கள். அதைச் சரிசெய்வது நல்லது என்று சர்வதேச வயிற்று டயாலிசிஸ் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலே சொல்கிறது. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தச் சோதனை எண் சளி பிடித்தாலும் ஏறும். அதனால் ஒரு தடவை வந்த ஓர் எண்ணைப் பார்த்துப் பயப்படச் சொல்லவில்லை. எண்கள் மாதாமாதம் ஒரே பக்கமாக நகர்ந்தால் எங்களிடம் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சொன்னால் நாங்கள் சும்மா இருக்க மாட்டோம். முட்டையும் மீனும் எவ்வளவு சேர்க்கலாம் என்று கேட்போம். குழாய் வயிற்றிலிருந்து வெளியே வரும் இடத்தை நர்ஸ் அக்கா ஒரு முறை பார்க்கட்டும், நான் பை மாற்றும் கைப்பக்குவத்தையும் பார்க்கட்டும். மூன்று வருடத்தில் என்னை அறியாமல் ஏதாவது படியை விட்டிருப்பேன், யாருக்குத் தெரியும்? இந்த ரத்தச் சோதனைகளைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுக்க வழி செய்தால், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய ரோட்டில் அப்பாவை ஆட்டோவில் அலைக்கழிக்க வேண்டாம்.

வரும் செவ்வாய்க்கிழமை எங்கள் முறை. அப்பா கணக்கு நோட்டில் அல்புமின், பொட்டாசியம், சி.ஆர்.பி. என்று மூன்று கட்டம் போட்டு வைத்திருக்கிறார். ஃபைலோடு அதையும் நீட்டுவார், வாங்கிப் பாருங்கள்.